துபாயில் எடுத்த நம்ம ஊர்ச் சாக்கடை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு சாக்கடையை ஆள்மாறாட்டம் செய்தவன். துபாய் சத்வாவில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் ஒரு பேரூராட்சியின் சாக்கடை என்று சொல்லி, தலைப்பும் போட்டு, வார்டு தேர்தலில் இறக்கிவிட்டேன். எந்த வேட்பாளரை ஜெயிக்கவைக்கக் கிளம்பினேனோ அவரையே அது கவிழ்க்கப் பார்த்தது.

விளம்பர வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைகள் கைவசம் இருந்திருந்தால், பத்து வருடத்துக்கு முன், ஐம்பத்துமூன்று வயதிலேயே என் கண்களுக்கு ஓய்வு தேவை என்று என்னைவிட நிறுவனம் முதலில் கண்டுபிடித்திருக்காது. அதனால் அனுபவத்தையே தருகிறேன். அனுபவம் என்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும்: முட்டாள்தனத்துக்கு வயதான பிறகு நாம் வைக்கும் மரியாதையான பெயர்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சத்வாவில், தையல்கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், சின்ன விளம்பர நிறுவனம் ஒன்றில் இருந்தேன். நிறுவனம் என்றால் மூன்று மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, ஒரு பம்பாய்க்கார மேனேஜர். பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, மளிகைக்கடைத் தள்ளுபடி நோட்டீஸ் எல்லாம் செய்வோம். தமிழ் எழுத்து அடிக்கிற கம்ப்யூட்டர் அந்த வட்டாரத்தில் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. ஆகவே கல்யாணப் பத்திரிகை, இரங்கல் செய்தி, இப்தார் அழைப்பு என்று தமிழில் எது வந்தாலும் என் மேசைக்கு வரும். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் யாருக்கும் தன் திறமையைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் வந்துவிடும். எனக்கு வந்திருந்தது.

மேனேஜர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "அவசரத்தில் இருக்கிறவனிடம் புரூஃப் காட்டாதே. அவன் தன் பெயரை மட்டும் படித்துவிட்டு ஓகே சொல்வான்." எழுதுகிறவனே அவசரத்தில் இருந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிச் சாப்பிடப் போகும் நேரம், எதிர்ச்சாரியில் இருந்த தையல்கடையின் கட்டிங் மாஸ்டர் காதர் உள்ளே வந்தார். கழுத்தில் டேப் தொங்கியது.

"அண்ணே, ஒரு நோட்டீஸ் எழுதணும்."

"கல்யாணமா?"

"எலெக்‌ஷன்."

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். "காதர், இந்த ஊர்ல அந்த வார்த்தையச் சொல்லிட்டு என் மேசை பக்கமே வராதீங்க. ஊருக்கு ஏத்தி விட்டுருவாங்க. நான் கொண்டு வந்த பெட்டிய இன்னும் முழுசாப் பிரிக்கக்கூட இல்ல."

"இங்க இல்லண்ணே, ஊர்ல. பஞ்சாயத்து எலெக்‌ஷன் வருதுல்ல. எங்க வார்டைப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. ஜமீலா நிக்குது."

"ஜமீலா யாரு?"

"எங்க வீட்லண்ணே." வெட்கப்பட்டார். நாற்பது வயது மனிதர், டேப்பை விரலில் சுற்றிக்கொண்டார். "கல்யாணமாகிப் பதினோரு வருசம். லீவையெல்லாம் கூட்டினா நான் ஊர்ல இருந்தது ஒரு வருசம் தேறாது. இதுவரைக்கும் எங்கிட்ட அது வேணும் இது வேணும்னு கேட்டதில்ல. முதல் தடவையா இப்பத்தான் கேட்டிருக்கு. 'மச்சான், உங்க ஊர்ல பெரிய பெரிய விளம்பரமெல்லாம் செய்வாங்களாமே, எனக்கு ஒண்ணு செஞ்சு அனுப்புங்க'ன்னு. எப்பிடியாவது ஜெயிச்சிரணும்ணே."

இங்கே காதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சத்வாவில் அவர் கட்டிங் மாஸ்டர். ஊரில், அவர் மனைவி உட்பட எல்லாருக்கும், அவர் அந்தக் கடையில் பார்ட்னர். இரண்டு அறைகள் கொண்ட பிளாட்டில் தனியாகக் குடியிருப்பவர். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். முதலாளி தொழுகைக்குப் போன நேரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். யாரோ ஒரு சேட்டு வீட்டுக்குத் திரைச்சீலை அளவெடுக்கப் போனபோது அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்து இன்னொன்று. அடியில் ஒரு வரிகூட எழுதவில்லை. நம் தொழிலில் இதை 'படமே பேசட்டும்' என்பார்கள். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போன போட்டோக்களை ஒரு நாள் யாராவது வரிசையாக அடுக்கிப் பார்த்தால், அத்தனை தமிழர்களும் சேர்ந்து ஒரே வெள்ளைக் காரில் சாய்ந்து நின்றிருப்பது தெரியவரும். நாம் படித்து, பயிற்சி எடுத்துச் செய்வதை அவர்கள் பாசத்தினால் செய்துகொண்டிருந்தார்கள்.

காதர் தானே எழுதி வந்திருந்த வாசகத்தைக் காட்டினார். 'நல்லாட்சி மலர, அன்புச் சகோதரி, பண்பின் சிகரம்' என்று போயிற்று.

"இதை யார் படிப்பா?" என்றேன்.

"ஏண்ணே, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு. அதான் படிக்கமாட்டாங்க. எதிர்ல நிக்கிறது யாரு?"

எதிரே நின்றது அந்த ஊர் சிமெண்டுக்கடைக்காரரின் மனைவி. பத்து வருடத்துக்கு முன் சிமெண்டுக்கடைக்காரர் அந்த வார்டுக்கு மெம்பராக இருந்தவர். அவர் காலத்தில் கட்டிய கழிவுநீர் வாய்க்கால் மறுவருடமே இடிந்து அடைத்துக்கொண்டது என்றார் காதர். எனக்கு அது போதும். பின்னால் இந்த வகை வேலையை 'எதிர்மறைப் பிரசாரம்' என்று அழகாகச் சொன்னார்கள். அன்று எனக்கு அந்தப் பெயர் தெரியாது. உள்ளங்கை அரித்தது மட்டும் தெரியும்.

"உங்க மனைவியப் பத்தி ஒரு வார்த்தை வேணாம். சாக்கடையப் போடுவோம். பெருசா. மேல, 'இதுதான் அவர்கள் கட்டிய வாய்க்கால்!' கீழ, 'இன்னும் ஐந்து வருடம் மூக்கைப் பொத்த முடியுமா?' அவ்வளவுதான். கலாஸ்."

காதரின் கண் விரிந்தது. "போட்டோவுக்கு எங்கண்ணே போறது? சாக்கடைய யாரு படம் எடுத்து அனுப்புவா? நான் ஊரப் பார்த்தே மூணு வருசமாச்சு. கொண்டுபோற ஆளு வியாழக்கெழம ஏறுறாரு."

லீவில் போகிற ஒருவர் அவருடைய பெட்டியில் ஊரார் பத்துப் பேரின் பொட்டலத்தையும் சுமந்துபோவது அன்றைய வழக்கம். அந்த ஆளை விட்டால் அடுத்த ஆள் தேர்தல் முடிந்துதான் போவார். இரண்டு நாள்தான் இருந்தது. இந்த இடத்தில்தான் என் தொழில் வாழ்க்கையிலேயே மிகப் புத்திசாலித்தனமானதென்று அப்போது நான் நினைத்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"சாக்கடைக்கு ஏதுய்யா சொந்த ஊரு?"

காதர் குடியிருந்த பழைய வில்லா இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரே ஊர்க்காரர்கள் பதினோரு பேர் அதில் ஒரு அறையும் ஒரு கூடமும் எடுத்துத் தங்கியிருந்தார்கள். பின்பக்கம் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்து ஒரு வாரமாகியிருந்தது. வீட்டுக்காரர் டேங்கர் அனுப்புகிறேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். சந்து முழுக்கக் கருப்பாகத் தண்ணீர். நான் அலுவலகக் கேமராவோடு ஒரு செங்கல்லில் இருந்து இன்னொரு செங்கல்லுக்குத் தாவி, குனிந்து, மண்டியிட்டு, அதை எடுத்தேன். மாலை வெயில் வேறு சாய்வாக விழுந்து ஒத்துழைத்தது. அவ்வளவு நல்ல சாக்கடை எல்லாருக்கும் அமையாது.

மறுநாள் முழுக்க அந்தப் படத்தின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அரபு நாட்டு வாடை எதுவும் இருக்கக் கூடாதல்லவா? சன்னல் ஏ.சி. பெட்டியைச் சுவராக மாற்றினேன். டிஷ் ஆன்டெனாவை வானமாக்கினேன். காலி தயிர் டப்பாவில் இருந்த அரபி எழுத்தை, காரின் நம்பர் பிளேட்டை, சுவரில் அரபியில் எழுதியிருந்த 'வாடகைக்கு' என்பதை எல்லாம் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக அழித்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அடைப்பு எடுக்கும் கம்பெனிக்கு விளம்பரம் என்றேன். "ரொம்ப இயற்கையாக இருக்கிறது," என்றார்.

படத்தின் வலது ஓரத்தில் வில்லாவின் பின்கதவு இருந்தது. கதவில் ஓர் அட்டை தொங்கியது. அதில் பொடிப்பொடியாகத் தமிழில் ஏதோ எழுதியிருந்தது. அதை நான் பார்த்தேன். இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்: கவனக்குறைவால் அதை விட்டுவிடவில்லை. பார்த்து, யோசித்து, விட்டுவைத்தேன். தமிழ் எழுத்துதானே, ஊர் மாதிரி இருக்கட்டும் என்று.

அந்த நாட்டில் அரசியல் காகிதம் எதையும் அச்சடிக்க முடியாது, கூடாது. அதனால் வாசகத்தையும் படத்தையும் மட்டும் ஓர் உறையில் போட்டு, லீவில் போகிறவரின் பெட்டியில், பால்பவுடர் டின்னுக்கும் கம்பளிக்கும் நடுவில் வைத்து அனுப்பினோம். ஊரில் கையகல நோட்டீஸாக அடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினேன். கையகலத்தில் அட்டை ஒரு நகத்தளவு இருக்கும். நகத்தளவை யார் படிக்கப் போகிறார்கள்?

ஊரில் உறையைப் பிரித்துப் பார்த்த ஜமீலாவின் தம்பிகளுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. இப்படிப்பட்ட படத்தைக் கையகலத்தில் அடிப்பது பாவம் என்று பக்கத்து நகரத்து ஆஃப்செட் பிரஸ்ஸில் கொடுத்து ஆளுயரப் போஸ்டராக அடித்துவிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக வார்டு முழுக்க ஒட்டியும் முடித்தார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, இதை வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லும் பொய்யை மற்றவர்கள் எந்த அளவில் அச்சடிப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, பாராட்டு வாங்கலாம் என்று நானும் காதரோடு டெலிபோன் பூத்துக்குப் போனேன். அவர் கார்டைச் செருகி, ரிசீவரைத் தன் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.

"ஜமீலா, போஸ்டர் எப்பிடி?"

"ஊரே பார்க்குது மச்சான்." குரல் ரொம்ப அமைதியாக இருந்தது.

காதர் எனக்குக் கண்ணடித்தார்.

"மச்சான், இன்னைக்கு வெள்ளிக்கெழமல்ல?"

"ஆமா."

"சமையல் மைதீன் காக்கா. பாத்திரம் வாளை மீரான். கக்கூஸ் நீங்க. கழுவியாச்சா?"

ரிசீவர் என் காதிலிருந்து நழுவிக் காதரின் தோளில் விழுந்தது.

அந்த அட்டை, வில்லாவின் முறைப்பட்டியல். பதினோரு பேர் கூடி வாழும் இடத்தில் அது இல்லாமல் முடியாது. அறையில் மூத்தவரான மைதீன் காக்கா, அதாவது மைதீன் அண்ணன், பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, பட்டை மார்க்கரால் எழுதி மாட்டியிருந்தார். யார் எந்தக் கிழமை சமையல், யார் பாத்திரம், யார் கக்கூஸ். அறையில் மூன்று காதர்கள் இருந்ததால் குழப்பம் வரக் கூடாதென்று எல்லாருடைய பெயரையும் வீட்டுப் பட்டப்பெயரோடு எழுதியிருந்தார். நம் காதர் தோப்பு காதர்; மற்றவர்கள் சங்கு காதர், வாளை மீரான் என்று. ஊரில் குழந்தைகூட வீட்டு வாசலைக் காட்டிவிடும்.

அது எப்படிக் கண்ணில் பட்டது என்பதுதான் வேடிக்கை. போஸ்டரைப் பார்த்த பெண்கள் யாரும் மூக்கைப் பொத்தவில்லையாம். "இம்புட்டுத் தண்ணி எந்தத் தெருவுல ஓடுது?" என்று கேட்டார்களாம். குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்து நிற்கும் ஊர். அந்த வார்டில் சாக்கடை கூட வருடத்தில் பத்து மாதம் காய்ந்துதான் கிடக்கும். காதர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இவ்வளவு தண்ணீர் இருக்கிற இடம் எது என்று கிட்டே போய் உற்றுப் பார்த்தவர்கள், கதவைப் பார்த்தார்கள். கதவில் அட்டையைப் பார்த்தார்கள். அட்டையில் தங்கள் வீட்டுக்காரர்களைப் பார்த்தார்கள்.

சிமெண்டுக்கடைக்காரர் போஸ்டரைக் கிழிக்கவில்லை. அங்கேதான் அவருடைய மேதைமை. ஓர் ஆட்டோவில் மைக்கைக் கட்டி, பட்டியலை அப்படியே வாசிக்கச் சொல்லிவிட்டார். "ஞாயிறு, சமையல், சங்கு காதர்! பாத்திரம், வாளை மீரான்!" காலையில் ஒரு சுற்று, அஸர் தொழுகைக்கு அப்புறம் ஒரு சுற்று. கடைசியில் ஒரே ஒரு வரி: "துபாய்ச் சீமாட்டிகள் சிந்திக்க வேண்டும்!" அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. நாங்கள் சொன்னதில் ஒரு எழுத்து மெய் இல்லை. அப்படியும் எங்களுடையதுதான் நியாயத்துக்கான போராட்டம் என்று நான் மனதார நம்பிக்கொண்டிருந்தேன். நம் தொழிலில் இந்த நிலை அடிக்கடி வரும்.

ஜும்மா முடிந்து, சாப்பாடு முடிந்து, வில்லாவின் கூடத்தில் என்னை விசாரணைக்கு உட்காரவைத்தார்கள். பதினோரு பேரும் காலையில் பூத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள்.

"நான் ஊர்ல சூப்பர்வைசர்," என்றார் ஒருவர். "சூப்பர்வைசரு தேங்கா சொரண்டுவாராண்டு மச்சினன் கேக்குறான்."

"எம்மாமியா கேட்டுச்சு, செவ்வாக்கெழம நீங்கதானாமே, கொழம்பு என்ன வைப்பீங்கன்னு."

"உனக்கு மாமியாதான். எனக்கு வாப்பா! போன்ல அழுவுறாரு மனுசன்."

மைதீன் காக்கா கையை உயர்த்தினார். கூடம் அடங்கியது. "ஏம்ப்பா விளம்பரம், அரபி எழுத்தையெல்லாம் அழிச்சியாமே."

"அழிச்சேன் காக்கா."

"எதுக்கு?"

"துபாய்னு தெரியக் கூடாதுன்னு."

"நாங்க எழுதினதை மட்டும் எதுக்கு விட்ட?"

அதற்கான பதிலை முப்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"சரி, இப்ப என்ன செய்யிறது? புதன்கெழம ஓட்டு. அந்தப் புள்ள தலையில மண்ணள்ளிப் போட்டாச்சு."

காதர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தோற்றுப்போவது மட்டுமில்லை, இனி எந்த முகத்தோடு அந்தப் பெண்ணிடம் பேசுவது என்பதுதான் அவர் கவலை என்று எல்லாருக்கும் தெரிந்தது. நெருக்கடியில் என்ன செய்ய வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பேனாவை எடுத்தேன். ஒரு பொய் மாட்டிக்கொண்டால் அதற்குக் காவலாக இன்னொன்றை அனுப்புவது எங்கள் தொழிலில் பழக்கதோஷம். பத்து நிமிடத்தில் ஒரு மறுப்பு அறிக்கை எழுதி வாசித்துக் காட்டினேன்: படத்திலிருப்பது ஏதோ ஒரு தொழிலாளர் முகாம்; பெயர்கள் தற்செயலாக ஒத்துப்போயின; வேட்பாளரின் கணவர் வேறு காதர்.

மைதீன் காக்கா கேட்டு முடித்தார். "தோப்பு காதர் வேற ஆளு."

"ஆமா காக்கா."

"சங்கு காதரும் வேற ஆளு. வாளை மீரானும் வேற ஆளு. நானும் வேற ஆளு."

"ஒரு பேச்சுக்கு..."

"அல்லாஹ் எங்க ஊர மட்டும் ரெண்டு காப்பி போட்டிருக்கானாய்யா?"

கூடத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. காதர் மட்டும் சிரிக்கவில்லை. வேறு வழி தெரியாமல் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். வெயில் தாழ்ந்ததும் இருவரும் மறுபடி பூத்துக்குப் போனோம்.

காதர் மறுப்பை வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியில் ஜமீலா நிறுத்தினார்.

"மச்சான், இத யாரு எழுதுனது?"

"விளம்பரக்கார அண்ணன்."

"சாக்கடையும் அவருதா?"

"ஆமா."

"இனிமே எழுத வேணாமுண்டு சொல்லுங்க." பிறகு கேட்டார்: "ஏன் மச்சான் எங்கிட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்றது ஜமீலா... கார்டு முடியப் போகுது."

"முடியிற வரைக்கும் சொல்லுங்க."

நான் ரிசீவரை விட்டு விலகி வெளியே வந்து நின்றேன். கண்ணாடிக்கு உள்ளே காதர் பேசிக்கொண்டே இருந்தார். கட்டிலுக்கு மேல் கட்டில் இருப்பதைக் கையால் காட்டினார், போனில். மேல்கட்டிலுக்கும் கூரைக்கும் இடையே எவ்வளவு இடம் என்று இரண்டு கைகளாலும் அளந்து காட்டினார். துணி அளப்பவரல்லவா, அளவு சரியாகவே இருந்தது. கார்டு தீர்ந்தது. நான் என்னுடையதைக் கொடுத்தேன். அந்த வாரம் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

பிறகு கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, அது சொல்லுதாம், எழுதிக்கணுமாம்."

ஜமீலா சொல்வதை அப்படியே அடித்து ஃபேக்ஸ் அனுப்புகிறேன் என்று, கார்டைக் கொடுக்கும்போது நான்தான் காதரிடம் கெஞ்சியிருந்தேன். ஜமீலா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கார்டு உறையின் பின்பக்கம் எழுதினேன்.

"போஸ்டர்ல இருக்குறது நம்ம வார்டு இல்ல. துபாய்ல எங்க வீட்டுக்காரரு இருக்குற வீட்டுக்குப் பின்பக்கம். தப்பான படத்தப் போட்டது எங்க தப்பு. அந்த வீட்டுல நம்ம ஆம்பளைங்க பதினோரு பேரு இருக்காங்க. முறை வச்சு ஆக்குறாங்க, முறை வச்சுக் கழுவுறாங்க. நம்ம வாய்க்காலுக்கு அப்படி முறை எழுதி மாட்டுன ஆளு இதுவரைக்கும் கெடையாது. நான் மாட்டுறேன். என் பேரத்தான் முதல்ல எழுதுவேன்."

பூத்துக்கு வெளியே இரண்டு பாகிஸ்தானியர்கள் கண்ணாடியைத் தட்டி "பாய், ஜல்தி" என்றார்கள். நான் அசையவில்லை. பத்துப் பதினைந்து வருடம் வார்த்தை விற்றுச் சாப்பிட்டவனுக்கு, நல்ல சரக்கு எதிரே வந்தால் தெரியும். பழக்கம் விடவில்லை. "தங்கச்சி, 'தப்பான படம்'ங்கிறத 'தவறுதலாக இடம்பெற்றுவிட்ட படம்'னு மாத்திக்கலாமா?" என்று கேட்டேன்.

"தப்புன்னா தப்புன்னே இருக்கட்டும்ணே."

"தலைப்பு ஒண்ணு?"

"வேணாம்ணே. நீங்க தலைப்பு வச்சாலே பயமா இருக்கு."

மறுநாள் அதை அடித்தேன். படமில்லை, கட்டமில்லை, ஆச்சரியக்குறி இல்லை. அவ்வளவு சுத்தமான பக்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை. ஊர் ஜெராக்ஸ் கடைக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். புதன்கிழமை ஓட்டு. எண்ணிக்கை முடிந்த அன்று தையல்கடைக்குப் போன் வந்தது. காதர் கத்திரியை வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடி வந்தார். ஜமீலா ஜெயித்திருந்தார்.

பதினோரு பேரும் என்னை மன்னித்தார்கள் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு யார் லீவில் போனாலும், அட்டையில் இருந்த கிழமைக்கு அவர்தான் வீட்டில் சமைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. சூப்பர்வைசர் நாற்பது நாள் லீவில் போய், மாமனார் வீட்டுக்கெல்லாம் மீன்குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு இளைத்துத் திரும்பினார். காதர் அதன் பிறகு யாருடைய சோபாவிலும் உட்கார்ந்து போட்டோ எடுக்கவில்லை.

நான் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மேசைக்கு மேல் மாட்டினேன். பயிற்சி வகுப்பு எடுக்கப் போன இடத்திலெல்லாம் அதைக் காட்டினேன். ஓர் எளிய, உண்மையான நோட்டீஸ் எப்படி ஒரு தேர்தலையே திருப்பிப் போட்டது என்று ஒரு மணி நேரம் பேசுவேன். கைதட்டுவார்கள். எழுதியது அந்தப் பெண் என்றும் சொல்லிவிடுவேன்; ஆனால் அடித்து, எழுத்துரு தேர்ந்து, வரியை எங்கே உடைப்பது என்று முடிவு செய்தது யார் என்பதும் அவர்களுக்குப் புரியும்படி பார்த்துக்கொள்வேன்.

இரண்டு வருடம் கழித்து லீவில் போனபோது, காதர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைச் சேர்க்க அந்த ஊருக்குப் போனேன். ஜமீலா வாசலில் நின்று வாய்க்கால் தூர்வாருகிற ஆளோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரென்று தெரிந்ததும் சிரித்து, உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்தார். அந்த நோட்டீஸின் அச்சடித்த பிரதி ஒன்று கிடைக்குமா, என்னிடம் ஃபேக்ஸுக்கு அடித்த மூலம்தான் இருக்கிறது என்று கேட்டேன்.

"எந்த நோட்டீஸு?" என்றார். பிறகு ஞாபகம் வந்தது. "அதுவா? அத அடிக்கவே இல்லியேண்ணே. நாலு தெருதானே, நடந்துபோயிச் சொல்லிட்டு வந்துட்டேன்."